வெயிலில் செய்து பனியில் இழுத்த வண்டி

குளிர்கால மலைப்பயணத்தில் சாமான் இழுத்துப் போகிற டொபாகனை, அதாவது முன்பக்கம் சுருண்டு அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் சறுக்குப் பலகையை, சொந்தமாகச் செய்துகொள்ள நினைக்கிறவர் தமிழ்நாட்டில் யாராவது இருந்தால் அவருக்காக இதை எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு நான் அதைச் செய்தபோது கேட்க ஓர் ஆள் இல்லை. தேடிப் படித்த குறிப்புகள் எல்லாம் கனடாக்காரர்களும் நார்வேக்காரர்களும் எழுதியவை. அவர்கள் வாசலிலேயே பனி கிடக்கிறது. செய்ததை அன்றைக்கே இழுத்துப் பார்த்து, சரியில்லை என்றால் மறுநாள் மாற்றிக்கொள்கிறார்கள். மொட்டை மாடியில் 35 டிகிரி வெயிலில் முடுக்கிய போல்ட்டு மைனஸ் 25 டிகிரியில் என்ன ஆகும் என்று அவர்கள் எழுத வேண்டிய தேவையே இல்லை. அந்த 60 டிகிரி வித்தியாசம் என் பணத்தில் ஒரு பங்கைத் தின்றது.

நான் போக நினைத்தது லடாக்கில் ஜான்ஸ்கர் ஆறு உறைந்திருக்கும் ஜனவரி மாதத்தில், அந்த உறைபனி மேல் நடக்கிற சாதர் பாதைக்கு. 3,000 மீட்டருக்கு மேலான உயரம். கூடாரம், தடித்த தூக்கப்பை, அடுப்பு, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் 25 கிலோவைத் தாண்டும். எனக்கு முதுகில் பழைய வலி உண்டு. சுமந்தால் இரண்டாம் நாளே படுத்துவிடுவேன் என்று தெரியும். ரீனா கௌஷல் தர்ம்சக்து 2009 டிசம்பரில் தென் துருவத்துக்கு ஸ்கீயில் போனவர், அப்படிப் போன முதல் இந்தியப் பெண். அந்தக் குழு சாமான்களைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனதைப் படித்ததில் இருந்தே இழுவை வண்டி என் மனதில் இருந்தது. நல்ல பனியில், சமதரையில், சுமையின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விசை இருந்தாலே அது நகரும். முதுகுவலிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதலில் போனது காசிமேட்டில் ஃபைபர் படகு ரிப்பேர் செய்கிற ஒரு பட்டறைக்கு. வீட்டில் இருந்து நடக்கிற தூரம், கண்ணாடி நார் மேட்டும் ரெசினும் கொட்டிக் கிடக்கிற இடம். வெளிநாடுகளில் ஃபைபரில் செய்த இழுவை வண்டிகள் நிறைய உண்டு என்பதால் அதுதான் சரி என்று தோன்றியது. அட்வான்ஸ் 4,500 ரூபாய் கொடுத்தேன். வந்தது 11 கிலோ எடையில் ஒரு தொட்டி. படகுக்கு எத்தனை அடுக்கு மேட் போடுவார்களோ அத்தனையும் போட்டிருந்தார்கள். மெல்லியதாக வேண்டும் என்றால் தனி மோல்டு செய்ய வேண்டும், அதற்கு இன்னொரு 9,000 ஆகும் என்றார்கள். அவர்கள் வேலையில் குறை ஒன்றும் இல்லை, கடலில் போட்டால் மிதக்கும். ஆனால் ஒரே ஒரு வண்டிக்கு மோல்டு செலவு கட்டுபடியாகாது. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஆளுக்கு ஒன்று செய்வதாக இருந்தால் மட்டும் ஃபைபர் பக்கம் போங்கள். அந்த 4,500 போனது போனதுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை.

அடுத்து எச்.டி.பி.ஈ. ஷீட். பால் கேன், நீல டிரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் செய்கிற அதே பிளாஸ்டிக். கடுங்குளிரிலும் நொறுங்காது, பனியில் நன்றாக வழுக்கும். ஸ்கீ பலகைக்கு அடியில் ஒட்டுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பாலிஎத்திலீன்தான். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 4 மில்லிமீட்டர் ஷீட் ஒன்றை 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். அசல் சரக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது கலப்படம் என்பது பிறகுதான் தெரிந்தது. கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது, கடையிலேயே செய்யலாம். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். சுத்தமான எச்.டி.பி.ஈ. தண்ணீரை விட லேசானது, மிதக்கும். சுண்ணாம்புத் தூளைத் தாராளமாகக் கலந்திருந்தால் மூழ்கும், பி.வி.சி.யாக இருந்தாலும் மூழ்கும். மிதந்தால் மட்டும் போதாது, மறுசுழற்சிச் சரக்கும் மிதக்கும். வெட்டிய விளிம்பை வளைத்துப் பாருங்கள். நல்ல ஷீட் வெள்ளையாகக் கோடு விழுந்து வளையும், மட்டமானது பட்டென்று விரியும்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், காசிமேட்டு ஐஸ் கம்பெனியால். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: சென்னையில் பனி இல்லை, ஆனால் குளிர் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றி ஐஸ் கட்டி செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன. உப்புத் தண்ணீரை மைனஸ் 10 டிகிரி அளவுக்குக் குளிர வைத்து, அதற்குள் தகரக் கேன்களை இறக்கி ஐஸ் உறைய வைப்பார்கள். இறாலும் மீனும் வைக்கிற கோல்ட் ஸ்டோரேஜில் மைனஸ் 18, அதற்குக் கீழும் போகும். தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு கோல்ட் ஸ்டோரேஜ் சூப்பர்வைசர் அண்ணனிடம் போய் நின்றேன். "இன்னா தம்பி, மீனு வெக்கிற எடத்துல பிளாஸ்டிக்க எத்துனு வந்துகீற?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், சாப்பாட்டுப் பொருள் வைக்கிற இடம், நன்றாகக் கழுவி உறை போட்டுக் கொண்டு வந்தால் ஓரமாக வைத்துக்கொள் என்று அனுமதித்தார். அவர் காட்டிய அந்தப் பெரிய மனசை நான் மறக்க மாட்டேன்.

வண்டியில் வரப்போகிற எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து, ஓர் இரவு முழுக்க உள்ளே வைத்து, காலையில் வெளியே எடுத்த அந்த நிமிடமே சுத்தியலால் அடித்தும் வளைத்தும் பார்த்தேன். வெளியே வந்ததும் சூடேறிவிடும், அதனால் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். கடையில் வாங்கிய ஷீட் நாலாக உடைந்தது. இழுக்கும் கழிக்காக வைத்திருந்த பி.வி.சி. கண்டுயிட் பைப், எலக்ட்ரிக்கல் வேலைக்குப் போடுகிற அந்த வெள்ளைக் குழாய், கண்ணாடி மாதிரி சிதறியது. வெளிநாட்டுக் குறிப்புகளில் பி.வி.சி. குழாயைத்தான் பலர் சொல்கிறார்கள், அங்கே கிடைப்பது வேறு தரமாக இருக்கலாம். நம் ஊர்க் குழாயை நம்ப வேண்டாம். மூங்கில் கழிக்கு ஒன்றும் ஆகவில்லை. பி.வி.சி. பூச்சுப் போட்ட தார்ப்பாய் விறைத்து, மடித்த இடத்தில் பிளந்தது. பாராசூட் துணி அப்படியே இருந்தது. பையில் வருகிற சின்ன பிளாஸ்டிக் பக்கிள் இரண்டில் ஒன்று உடைந்தது. கயிறுகளை நனைத்து வைத்திருந்தேன். நைலான் கயிறு தண்ணீர் குடித்துக் கம்பியாக விறைத்துவிட்டது, முடிச்சு அவிழவே இல்லை. படகுக்குக் கட்டுகிற பாலிப்ரொப்பிலீன் கயிறு தண்ணீர் குடிக்காது, உதறியதும் ஐஸ் கொட்டிவிட்டது. ஓர் இரவில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் மலையில் தெரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

உடைந்த ஷீட்டை நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, அங்கே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் மூலையில் கிடந்த நீல டிரம்மைக் காட்டினார். "அத்த எவ்ளோ வருசமா உள்ள வெளிய உருட்டுறோம், ஒண்ணும் ஆவல" என்றார். என் தேடல் அங்கே முடிந்தது. 200 லிட்டர் நீல டிரம்மை மேலும் கீழும் அறுத்துவிட்டு, நெடுக்காக ஒரு வெட்டுப் போட்டு விரித்தால் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டருக்கு மேல் அகலமும் உள்ள ஷீட் கிடைக்கிறது. பழைய டிரம் வியாபாரம் வடசென்னையில் நிறைய, 900 ரூபாய்க்கு வாங்கினேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை வாங்கவே கூடாது. தின்னர், சால்வென்ட் மாதிரி எரியக்கூடியது இருந்த டிரம்மை இரும்பு அறுக்கும் கிரைண்டரில் வைத்தால் உள்ளே தங்கிய ஆவி வெடித்துவிடும். சோப்பு எண்ணெய், பழக்கூழ், எசன்ஸ் இப்படி லேபிள் தெளிவாக இருப்பதைத் தேடி, தண்ணீர் நிரப்பிப் பலமுறை கழுவி, ஹேக்ஸா பிளேடோ ஜிக்சாவோ வைத்து அறுங்கள்.

டிரம்மின் வளைவு டொபாகனுக்கு இயற்கையாகவே பொருந்துகிறது. முன்மூக்கு தானாகச் சுருண்டு நிற்கும், மீதியைத்தான் தட்டையாக்க வேண்டும். மாடி வெயிலில் கல் வைத்து அழுத்திப் பாதி நிமிர்ந்தது, மீதிக்குச் சூடான காற்று வீசுகிற ஹீட் கன். இந்தப் பிளாஸ்டிக் 130 டிகிரியை ஒட்டி உருகிவிடும். ஹீட் கன் 500 டிகிரி வரை போகும் என்பதால் ஒரே இடத்தில் நிறுத்தாமல் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். மேற்பரப்பு லேசாக மினுங்க ஆரம்பித்தால் நிறுத்தி, அழுத்திப் பிடித்து, முழுக்க ஆறும் வரை கையை எடுக்கக் கூடாது. அகலம் 45 சென்டிமீட்டர் போதும். நடக்கிற தடத்துக்குள்ளேயே வண்டி வரும், கல் இடுக்கில் மாட்டாது. வெறும் பலகை 3 கிலோ கூட இல்லை. மூக்கின் நுனியில் இருந்து முதல் குறுக்குச் சட்டத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டிவிடுங்கள், மரத்தில் டொபாகன் செய்த காலத்தில் இருந்தே அப்படித்தான் சுருளைக் காப்பாற்றுகிறார்கள்.

ஒட்டுகிற வேலை எதற்கும் போகாதீர்கள். எச்.டி.பி.ஈ. மேல் அரால்டைட் உட்பட எந்தச் சாதாரணப் பசையும் பிடிக்காது. நட்டு போல்ட்டு மட்டும்தான், அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பலகை தொய்யாமல் இருக்க இரண்டு பக்கமும் நீளமாக அலுமினிய ஆங்கிள் வைத்து முடுக்கியிருந்தேன், பார்க்கவும் நன்றாக இருந்தது. கோல்ட் ஸ்டோரேஜில் ஓர் இரவு வைத்தபோது முழு வண்டியும் வளைந்து, கடைசித் துளை கிழிந்திருந்தது. குளிரில் இந்தப் பிளாஸ்டிக் இரும்பை விடப் பத்து மடங்குக்கு மேலும், அலுமினியத்தை விட ஐந்து மடங்குக்கு மேலும் சுருங்கும். 1.8 மீட்டர் பலகை சென்னையில் இருந்து லடாக்கின் குளிருக்குப் போனால் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் குறையும், ஆங்கிளோ சில மில்லிமீட்டர்தான் குறையும். இரண்டும் கட்டிப்போட்டிருந்தால் ஏதாவது ஒன்று கிழிந்தே ஆக வேண்டும். நீளவாட்டில் உலோகம் வைக்காதீர்கள். குறுக்கே மட்டும் மரச் சட்டம் நாலைந்து வைத்து, துளைகளை வட்டமாக இல்லாமல் நீளமாகப் போட்டு, அகல வாஷர் கொடுத்து, தானாகக் கழலாத நைலாக் நட்டு போடுங்கள். போல்ட்டின் தலை அடியில் துருத்தாமல் பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும்.

இழுக்கும் பெல்ட்டையும் கழியையும் திருவொற்றியூர்க் கடற்கரையில் காலை நேரத்தில் சோதித்தேன். மணல் பனி அல்ல, பல மடங்கு அதிகமாக இழுக்க வேண்டும், அதனால் வழுக்கலைப் பற்றி அங்கே ஒன்றும் தெரியாது. உடம்பைப் பற்றி எல்லாம் தெரியும். தோளில் மாட்டினால் கழுத்து போய்விடும், இடுப்பெலும்பின் மேல் அகலமான பட்டை இருந்தால் கால் இழுக்கும். பழைய முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அறுத்துத் தைத்ததே போதுமானதாக இருந்தது. வெறும் கயிறு கட்டினால் இறக்கத்தில் வண்டி வந்து குதிகாலில் இடிக்கும், கழி வேண்டும். இரண்டு மூங்கில் கழியையும் நேராக வைக்காமல் பெருக்கல் குறியாகக் குறுக்கே போட்டால் திரும்பும்போது வண்டி பின்னாலேயே வருகிறது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "பாரத்த கீழ போடு, நடுவுக்குக் கொஞ்சம் பின்னால போடு, மூக்கு தூக்கிக்கும்" என்று சொன்னார். படகில் ஐஸ் ஏற்றுகிறவரின் கணக்கு அது. பனியிலும் சரியாக இருந்தது. எல்லாக் கட்டுகளையும் தடித்த கையுறை போட்டுக்கொண்டே கட்டி அவிழ்த்துப் பழகுங்கள், வியர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை. அங்கே கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும்.

விமானத்தில் போனதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் லடாக்கின் லே நகருக்குப் போகிற மணாலி சாலை மூடியிருக்கும், விமானம்தான் வழி. நீட்டிய பலகையாகக் கொண்டு போனதால், அளவு மீறிய சாமான் என்று கவுன்டரில் நிறுத்தி, கூடுதல் எடைக்கும் சேர்த்து 5,200 ரூபாய் வாங்கினார்கள். வாக்குவாதம் செய்து களைத்துப் போனேன். திரும்பும்போது குறுக்குச் சட்டங்களைக் கழற்றி, பலகையைப் பாய் போலச் சுருட்டி, உள்ளே தூக்கப்பையைத் திணித்துக் கொண்டுவந்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டிரம் பிளாஸ்டிக் சுருளும். போகும்போதே சுருட்டுங்கள், கழிகளை மூன்று துண்டாக வெட்டி அலுமினியக் குழாயால் இணைக்கிற மாதிரி செய்துகொள்ளுங்கள்.

லேயில் உயரத்துக்குப் பழக நாட்களும் மருத்துவச் சோதனையும் கட்டாயம், அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள். உள்ளூர் வழிகாட்டியோடுதான் ஆற்றில் இறங்கினோம். முதல் மணி நேரம் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. 27 கிலோ சுமை, பின்னால் இருப்பதே தெரியவில்லை. கரையோரத்தில் கிடந்த புதுப்பனியில் அமிழாமல் மிதந்து வந்தது. அப்புறம் பளபளவென்ற வெறும் ஐஸ் வந்தது. டொபாகனின் தட்டை அடி பொடிப்பனிக்கு உரியது. கண்ணாடி ஐஸில் அதற்குத் திசை கிடையாது. ஐஸ் லேசாகச் சாய்ந்திருந்த ஓர் இடத்தில் வண்டி பக்கவாட்டில் வழுக்கி, உறையாத கறுப்புத் தண்ணீர் ஓடுகிற விளிம்புப் பக்கம் என்னையும் சேர்த்து இழுத்தது. வழிகாட்டி ஓடி வந்து கழியைப் பிடித்தார். நான் அப்படிப் பயந்ததே இல்லை.

அதனால் இரண்டு விஷயம். இடுப்புப் பட்டைக்கும் கழிக்கும் நடுவில், ஒரே இழுப்பில் விடுபடுகிற முடிச்சு இருந்தே ஆக வேண்டும். வண்டி தண்ணீரில் விழுந்தால் விழட்டும், கூடவே நீங்கள் போகக் கூடாது. இரண்டாவது, அடிப்பக்கம் நெடுக்காக இரண்டு தண்டவாளப் பட்டைகள். உள்ளூர்ச் சுமைக்காரர்கள் இழுக்கிற மரச் சறுக்குவண்டிகள் அடியில் நெடுக்காகப் பொருத்திய கட்டைகளின் மேல்தான் நிற்கின்றன, பக்கவாட்டில் போவதில்லை. அன்று ராத்திரி வழிகாட்டியும் நானும் உட்கார்ந்து, உபரியாகக் கொண்டுபோயிருந்த டிரம் துண்டில் இருந்து விரல் அகலப் பட்டைகள் வெட்டி, இரண்டிரண்டாக அடுக்கி, ஆணியை அடுப்பில் காய்ச்சித் துளை போட்டு அடியில் முடுக்கினோம். ஒரே பிளாஸ்டிக் என்பதால் இரண்டும் ஒன்றாகவே சுருங்கும், கிழியாது. மறுநாளில் இருந்து வண்டி என் தடத்தை விட்டு விலகவில்லை. பொடிப்பனிக்கு அந்தப் பட்டைகள் இடைஞ்சலாகவும் இல்லை.

ராத்திரி வண்டியைத் தட்டையாகக் கிடத்தாதீர்கள், காலையில் ஐஸோடு ஒட்டிப் பிடித்திருக்கும். பக்கவாட்டில் நிறுத்தி வையுங்கள். ஐஸ் மேல் தண்ணீர் ஏறி ஓடும் இடங்களைக் கடந்ததும் அடியில் ஐஸ் படியும், உடனே சுரண்டாவிட்டால் வழுக்கலே போய்விடும். தோசைத் திருப்பி அதற்கு அருமையாக உதவியது. ரொம்பக் குளிர்ந்த விடியற்காலையில் பனியே மணல் மாதிரி பிடிக்கும், மெழுகுவர்த்தியை அடியில் நன்றாகத் தேய்த்தால் கொஞ்சம் இளகும். ஐஸ் உடைந்திருக்கிற இடத்தில் பாறை மேல் ஏறித்தான் போக வேண்டும், அங்கே வண்டியை இழுக்க முடியாது. அதனால் சுமை முழுவதும் தோளில் மாட்டக்கூடிய ஒரே பையில் இருக்கட்டும், வண்டி தனியாக முதுகில் ஏறட்டும். டப்பா டப்பாவாகக் கட்டி வந்த இன்னொரு குழு ஒவ்வொரு பாறையிலும் முக்கால் மணி நேரம் நின்றதைப் பார்த்தேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் பனியில் ஓடிய வண்டிக்கு டிரம், மூங்கில், கயிறு, நட்டு போல்ட்டு, பாராசூட் துணி, தையல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,600 ரூபாய். அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் ஃபைபருக்கும் கலப்பட ஷீட்டுக்கும் அலுமினியத்துக்கும் விமானத்துக்கும் கொட்டியது 14,000 ரூபாய்க்கு மேல், மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகள் தனி. ஒரு டிரம்மில் அகலவாட்டில் பாதிதான் ஒரு வண்டிக்கு ஆகும். மீதிப் பாதியைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் ஒரு முழம், உபரி நட்டு போல்ட்டு பத்து, ஒரு நீள ஆணி, ஸ்பானர், நாலு மீட்டர் படகுக் கயிறு, மெழுகுவர்த்தி இரண்டு, இவ்வளவையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, சுமைக்கு மேலே கைக்கு எட்டுகிற மாதிரி கட்டிக்கொள்ளுங்கள்.